இரண்டு பற்றரி மாற்றினேன், பிழை எர்த் பட்டையில் இருந்தது

எங்கள் மொரிஸ் மைனர் 1960 இல் வந்த 948 சிசி வண்டி. அப்பாவிடமிருந்து என் கைக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து டவுனுக்குச் சாமான் வாங்கவும், ஞாயிற்றுக்கிழமைகளில் களுவாஞ்சிகுடியில் அக்கா வீட்டுக்கும் இதில்தான் போகிறோம், துடைத்துத் துணி போர்த்தி வைத்திருக்கும் கார் இல்லை. எஞ்சின் என்னை ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை. படுத்தியதெல்லாம் ஸ்டார்ட் எடுக்கிற விஷயம்தான். அது ஏன் என்று விளங்கவே எனக்கு நாலு வருடம் பிடித்தது, பழைய கார் வைத்திருக்கிற இன்னொருவருக்கு ஒரு பற்றரிக் காசாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த வண்டியில் சாவி இக்னிஷனை மட்டும்தான் போடும். ஸ்டார்ட்டருக்கு டாஷ்போர்டில் தனியாக ஒரு குமிழ் இருக்கிறது, அதை இழுத்தால் கேபிள் ஒரு பெரிய சுவிச்சை மூடும், பற்றரிக் கரண்ட் நேராக மோட்டருக்குப் போகும். இடையில் சொலனொய்ட், அதாவது 'டிக்' என்று மூடும் மின்காந்த சுவிச், இல்லை. (1964 ஒக்டோபரில்தான் சாவியிலேயே ஸ்டார்ட் எடுக்கும் மைனர் வந்தது.) ஆகவே 'டிக்' சத்தத்தை வைத்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி இதற்குச் சரிவராது. இன்னொன்று, பற்றரியின் பிளஸ்தான் பாடியில் பூட்டியிருக்கும், பாசிட்டிவ் எர்த்.

தொல்லை எப்படி என்றால், காலையில் ஒரே இழுவையில் பிடித்துவிடும். மத்தியானம் சந்தையில் சூட்டோடு நிறுத்திவிட்டு வந்து இழுத்தால் 'உர்ர்' என்று அரைச் சுற்று, அப்புறம் ஒன்றுமில்லை. பற்றரி பழசு என்றார்கள், மாற்றினேன். ஏழெட்டு மாதம் நன்றாக இருந்தது, திரும்பவும் அதே கதை. ஸ்டார்ட்டரைக் கழற்றி பிரஷ் மாற்றினேன், அதுவும் கொஞ்ச நாள். மறுபடியும் ஒரு பற்றரி. புதுப் பற்றரி எந்தத் தடையையும் சில மாதம் தள்ளிக்கொண்டு போகும், அதனால் பிழை அதில்தான் இருந்தது என்று நம்பிவிடுகிறோம். இதை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்!

விஷயம் வெளித்தது ஒரு மார்கழி மழையில், களுவாஞ்சிகுடியில். அக்கா வீட்டு வாசலில் வண்டி அசையவில்லை. பக்கத்து வளவிலிருந்து வயதான மெக்கானிக் மாமா ஒருவர் குடையோடு வந்தார். பற்றரியை அவர் பார்க்கவே இல்லை. பொனற்றைத் திறந்துவிட்டு, மூன்று தரம் இழு என்றார். இழுத்தேன்.

"தம்பி, இஞ்ச வந்து இந்தச் சோக் வயரத் தொட்டுப் பாருங்க."

தொட்டதும் கையை எடுத்துவிட்டேன், இப்போதுதான் ஊற்றிய தேத்தண்ணிக் கோப்பை மாதிரி சுட்டது.

"எஞ்சினுக்கு எர்த் இல்ல. கரண்ட் போற வழி அடைபட்டா வேலியால பாயுது. மோட்டர் எப்பிடிக் கிறுகும்? மறுகா பற்றரியக் குறை சொல்லி என்ன செய்ய?"

அவர் ஜம்பர் வயர் ஒன்றை எடுத்து, பற்றரியின் பிளஸ்ஸில் ஒரு முனையும் எஞ்சின் இரும்பில் மறு முனையும் பிடித்தார். இழுத்தேன். ஒரே இழுவை!

எஞ்சின் ரப்பர் மவுண்டில்தான் உட்கார்ந்திருக்கிறது, பாடியோடு இரும்பும் இரும்பும் தொடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அவ்வளவும் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையில் பூட்டிய ஒரு பின்னல் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். பட்டை செத்தால் கரண்ட் சோக் கேபிள், அக்சிலேட்டர் கேபிள் என்று கிடைக்கிற மெல்லிய கம்பியில் எல்லாம் ஓடும், அவை சுடும், சிலவேளை புகையும் வரும்.

வீட்டுக்கு வந்து பட்டையைக் கழற்றுவதற்கு முன்னமே மல்டிமீற்றர் வாங்கி அளந்தேன், இது முக்கியம். பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் கொயிலின் சின்ன வயரைக் கழற்றிவிட்டால் எஞ்சின் பிடிக்காது, நிம்மதியாக அளக்கலாம். மீற்றரை 20 வோல்ட் டிசியில் வைத்தேன். சும்மா இருக்கும்போது பற்றரி 12.6. ஒருவர் குமிழை இழுக்க, பற்றரியின் இரு முனையில் 11.4. இங்கேதான் துப்பு. மோட்டர் சோர்ந்து கிடக்கும்போது பற்றரி 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரியையோ மோட்டரையோ சந்தேகப்படலாம், 11க்கு மேலே நின்றால் வழியில் தடை. அடுத்து ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து இழுக்கச் சொன்னேன், 3.1 வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடம் அது.

கீழே படுத்துப் பார்த்தபோது பட்டை முழுதாகத்தான் தெரிந்தது. ஸ்பனரை வைத்துத் திருப்பியதும் உள் இழைகள் பச்சைத் தூளாக என் முகத்தில் உதிர்ந்தன. பாடிப் பக்கத்தில் போல்ட்டுக்கு அடியில் யாரோ பெயின்ட் அடித்திருந்தார்கள், அதன்மேல்தான் பட்டை பூட்டியிருந்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி என்று இருக்கும் கல்லடியில் செம்பு எப்படி மிஞ்சும்? எமரி பேப்பரால் இரும்பு மினுங்கும்வரை தேய்த்து, தடித்த வெல்டிங் கேபிளில் புதுப் பட்டை செய்து, ஸ்டார் வாசர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசினேன். திரும்ப அளந்தால் 0.2. நான் திட்டித் தீர்த்த அந்த இரண்டாவது பற்றரி அதற்குப் பிறகு மூன்றரை வருடம் ஓடியது.

அதற்குப் பிந்திய ஐந்து வருடத்தில் வந்தவை சின்னப் பிரச்சினைகள். இழுக்கிற சுவிச்சின் உள் முனைகள் கருகியிருந்தன, தேய்த்துவிட்டேன். பற்றரியிலிருந்து சுவிச்சுக்கு வரும் கேபிள் வெளியே மொத்தமாக இருந்தாலும், வெட்டிப் பார்த்தால் உறைக்குள் இரண்டு அங்குலத்துக்குச் செம்பு கறுத்துக் கிடந்தது, அதையும் மாற்றினேன். ஒருநாள் லைற்றைப் போட்டு இழுத்தபோது லைற் அப்படியே மங்கி, மோட்டர் அசையாமல் நின்றது, பெண்டிக்ஸ் பல், அதாவது எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் நீட்டும் பற்சக்கரம், மாட்டிக்கொண்டால் அப்படித்தான். ஸ்டார்ட்டரின் பின் முனையில் மூடிக்குள் இருக்கும் சதுரத் தண்டை ஸ்பனரால் திருப்ப விட்டுவிட்டது. லைற் மங்காமல் பிரகாசமாகவே இருந்தால் மோட்டருக்குக் கரண்டே போகவில்லை, சுவிச்சைப் பாருங்கள்.

மோட்டர் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் அது வேறு கதை. மாரியில் எனக்கு அநேகமாக, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம்தான், காய்ந்த துணியால் துடைத்தால் போதும். அதற்குள் திறந்து மூடும் பொயின்ற் முனைகளின் இடைவெளி 15 தவு (அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு).

ஜம்ப் எடுக்கும்போது கவனம். உதவிக்கு வரும் புதுக் காரில் மைனஸ்தான் பாடியில் இருக்கும். பற்றரிக்குப் பற்றரி, பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று நேராகக் கொடுங்கள், இரண்டு காரின் பம்பரும் தொட்டுக்கொண்டு நிற்கக்கூடாது, தொட்டால் ஷோர்ட் ஆகும்.

டைனமோவை மட்டும் இன்னும் முழுதாக நம்பவில்லை. வண்டி நின்று கொண்டிருக்கும்போது அது சார்ஜ் தராது, மழையில் லைற், வைப்பர் எல்லாம் போட்டு டவுனுக்குள்ளேயே ஓடினால் பற்றரி மெல்ல இறங்கும். அதனால் மாரி காலத்தில் கிழமைக்கு ஒரு தரமாவது களுவாஞ்சிகுடி வரை ஓட்டுகிறேன், அக்காவுக்கும் சந்தோஷம். டாஷ்போர்ட் தட்டில் ஒரு சின்னக் கொப்பி கிடக்கிறது, ஒவ்வொரு மாரிக்கும் முன்னால் எர்த் பக்கத்தை அளந்து அதில் எழுதுவேன். இந்த வருடம் 0.24.