கட்டைவிரல் அளவு ஸ்பெக்ட்ரோமீட்டர்: ஏலக்காட்டுக்கு எடுத்துப் போகலாமா?

ஹமாமட்சு சி12880எம்ஏ, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் குட்டி ஸ்பெக்ட்ரோமீட்டர். 20.1 × 12.5 × 10.1 மி.மீ., எடை 5 கிராம். 340 முதல் 850 நானோமீட்டர் வரை பார்க்கும். உள்ளே ஒரு பிளவு, ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் குழிந்த கிரேட்டிங், 288 பிக்சல் சென்சார், அவ்வளவுதான்.

குமுளி, வண்டன்மேடு பக்கம் பறித்த ஏல இலை கம்பத்து லேபுக்கு இறங்குவதற்குள் வாடிவிடும். பச்சையத்தை மலையிலேயே அளக்கலாம் என்பதற்காகவே இதை வாங்கலாம். முறை பழையதுதான், 1949-இல் ஆர்னன் சொன்னது: 80 சதவீத அசிட்டோனில் இலையை அரைத்து வடித்து, 663, 645 நானோமீட்டரில் சாறு எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளப்பது. பிளாஸ்டிக் குவெட்டில் (சாற்றை வைத்து ஒளி பாய்ச்சும் சிறு குப்பி) ஊற்றினால் தொலைந்தது; பாலிஸ்டைரீனை அசிட்டோன் அரித்து, சுவர் வெளுத்துவிடும். கண்ணாடிக் குவெட்தான், அதுவும் மூடியோடு. திறந்து வைத்தால் அசிட்டோன் ஆவியாகி ரீடிங் ஏறிக்கொண்டே போகும். சுவரும் குளிர்ந்து, தென்மேற்குப் பருவ ஈரத்தில் வெளிப்பக்கம் வியர்க்கும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு வையுங்கள்.

பெரிய குறை பிரிதிறன், அதாவது அடுத்தடுத்த அலைநீளங்களைத் தனித்தனியாகக் காட்டும் திறன். 12 நானோமீட்டர் வாக்கில் இருக்கும், 15-ஐத் தாண்டாது. 663-இல் உள்ள உச்சி கூரானது. இதில் மழுங்கித் தெரியும். ஆர்னன் சமன்பாட்டில் அப்படியே போட்டால் பச்சையத்தின் முக்கிய வகையான பச்சையம் ஏ-வைக் குறைத்துக் காட்டும். ஒரே சாற்றை ஐந்தாறு செறிவில், தண்ணீரில் அல்ல, அதே 80 சதவீத அசிட்டோனில் நீர்த்து, லேபின் பெரிய கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தக்கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

வெளியீடு அனலாக், அதை எண்ணாக மாற்ற ஏடிசி வேண்டும். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் இருப்பது 10 பிட், 1,024 படிதான். உறிஞ்சல் 2 என்றால் நூறில் ஒரு பங்கு ஒளிதான் சாற்றைத் தாண்டி வரும், அதாவது பத்துப் படி. ஒரு படி ஆடினாலே பத்து சதவீதம் போச்சு. 16 பிட் ஏடிசி மாட்டுங்கள், இல்லாவிட்டால் உறிஞ்சல் 1-க்குள் வருமாறு நீர்த்துவிடுங்கள். விளக்கு ஹாலஜன், கால் மணி நேரம் சூடேற விட்ட பிறகே பிளாங்க் (சாறில்லாத வெறும் கரைசலின் ரீடிங்). காலைக் குளிரில் எடுத்த டார்க் ரீடிங் (ஒளியே படாதபோது எடுப்பது) மதியத்துக்கு உதவாது. வெயில் ஏற ஏற, ஒளியில்லாமலே சென்சாரில் ஓடும் இருட்டு மின்னோட்டமும் ஏறும்.

டிஎன்ஏவை அளக்க 260 நானோமீட்டர் வேண்டும், அது இதில் கிடையாது. பிராட்ஃபோர்டு புரதச் சோதனைக்கு 595-இல் அகலமான உச்சி, அங்கே தாராளமாக நம்பலாம். பிக்சல் எண்ணை அலைநீளமாக மாற்றும் கெழுக்கள் கருவிக்குக் கருவி வேறு. கூட வரும் தாளில் இருக்கும். அந்தத் தாளை முதல் நாளே போட்டோ எடுத்து வையுங்கள். தொலைந்தால் சிஎஃப்எல் பல்பில் உள்ள பாதரசத்தின் 435.8, 546.1 நானோமீட்டர் ஒளிக்கோடுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.