துருப்பிடித்த பின்னும் பாதிக் கவிதையும்

போன கிழமைதான் இரண்டு பெட்டிச் சஞ்சிகைகளுக்கு முதுகு தைத்து முடித்தேன். எண்ணிப் பார்த்தேன், 63 இதழ்கள். வாடைக் காற்றோடு வந்த மழை இந்த முறை பின்னறைச் சுவரில் ஊறி, அலுமாரியின் கீழ்த்தட்டு வரைக்கும் ஈரம் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் விறாந்தையில் பரப்பிப் பார்த்தால் எழுத்து ஒன்றும் அழியவில்லை, படங்களும் அப்படியே இருந்தன. நடுவில் அடித்திருந்த இரண்டு பின்னும்தான் துருப்பிடித்து, சுற்றியிருந்த தாளைத் தின்றிருந்தன.

அந்த நேரம் பார்த்து வவுனியாவிலிருந்து மச்சாள் போன் எடுத்தார். "மகளுக்கு மாசம் ஒரு சஞ்சிகை எடுத்துக் குடுப்பமோ எண்டு யோசிக்கிறன். விலையைப் பார்த்தால்தான் பயமாக் கிடக்கு. நீங்கள் இவ்வளவு காலமா வாங்கிறீங்கள், சொல்லுங்கோ, வாங்கலாமோ?" என் கை முழுக்கத் துரு, பெருவிரலில் ஊசி குத்திய காயம். அப்போது சொன்ன பதில் சரியான பதிலா என்று இன்னும் யோசிக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருகோணமலை உவர்மலையில் வீட்டிலேயே மெசின் போட்டுச் சட்டை தைக்கிறவள். 1998-இலிருந்து சொந்தக் காசில் சஞ்சிகை வாங்குகிறேன். விகடனில் என்ன இருக்கும், ஞானத்தில் என்ன இருக்கும் என்பதெல்லாம் வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

பின்னைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தனை வருடமும் என்னை ஆத்திரப்படுத்துவது அது ஒன்றுதான். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற ஊரில் இரும்பு எதுவும் நிலைக்காது. யன்னல் கம்பி, மெசின் ஊசி, கத்தரிக்கோல் ஆணி எல்லாவற்றுக்கும் நான் எண்ணெய் போட்டுக் காப்பாற்றுகிறேன். சஞ்சிகைப் பின்னுக்கு எண்ணெய் போட முடியாது. அது மெல்லிய இரும்புக் கம்பி, மேலே பூச்சு கொஞ்சம்தான். தாள் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக் கம்பியோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும், அந்த ஈரத்தில் உப்பும் இருக்கும். முதலில் நடுப்பக்கத்தில் மிளகளவு மஞ்சள் புள்ளி தெரியும். அடுத்த வருடம் அது மண்ணிறம். அதற்கடுத்த வருடம் கம்பியைச் சுற்றித் தாள் பொருபொருத்துப்போய், நடுத்தாள் கையோடு கழன்று வரும். நடுத்தாளில்தான் பெரும்பாலும் நல்ல படம் இருக்கும்.

பசை ஒட்டிய தடித்த சஞ்சிகைகள் இதற்கு மேல் என்று நினைக்க வேண்டாம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்தப் பசை காய்ந்து வெடிக்கும், பக்கங்கள் சீட்டுக்கட்டு மாதிரி உதிரும். வாடையில் பின் துருப்பிடித்துப் போகும், கச்சானில் பசை போகும். மினுங்கல் தாள் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. நனைந்தால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். காய்வதற்கு முன் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து இடையில் வெறும் தாள் வைக்க வேண்டும். காய்ந்த பிறகு பிரிக்கப் போனால் படம் உரிந்து எதிர்ப்பக்கத்தில் ஏறிவிடும். ஒரு தீபாவளி மலர் எனக்கு அப்படித்தான் செங்கட்டியானது.

தைக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவும். நடுப்பக்கத்தை விரித்து, மழுங்கிய கத்தி முனையால் பின்னின் இரண்டு காலையும் மெல்ல நிமிர்த்துங்கள். பிடுங்கக் கூடாது, வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். துருத்தூளைப் பழைய பெயின்ற் பிரஷால் தட்டிவிடுங்கள், ஈரத்துணியால் துடைத்தால் கறை பரவும். பழைய ஓட்டைகளை விட்டுவிட்டு, மடிப்பிலேயே புதிதாக மூன்று துளை. ஊசி உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே வந்து, மேல்துளையால் உள்ளே போய், கீழ்த்துளையால் வெளியே வந்து, திரும்பவும் நடுத்துளையால் உள்ளே வர வேண்டும். அங்கே நீளமாக ஓடுகிற நூலை நடுவில் வைத்து இரண்டு நுனியையும் முடிந்துவிட்டால் சரி. பருத்தி நூல்தான் நல்லது, மெழுகுதிரியில் ஒருதரம் இழுத்தெடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். நைலோன் நூல் தாளை அறுக்கும். கிழிந்த மடிப்புக்கு ஒட்டுத்தாள் போடுவதென்றால் கோதுமை மாப் பசை போதும். பைண்ட் செய்கிறவர்கள் அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி அண்டாது. செலோரேப் மட்டும் வேண்டவே வேண்டாம், அது மஞ்சளாகிக் கறையை விட்டுவிட்டுத் தான் மட்டும் கழன்றுவிடும்.

இவ்வளவு சிரமம் ஏன் என்று மச்சாள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். என் மெசினுக்கு எதிரே சுவரில் ஒரு பழைய சாக்கைத் தட்டையாக அடித்து வைத்திருக்கிறேன். அதில் சஞ்சிகையில் வெட்டிய துண்டுகள் குத்தியிருக்கும். கழுத்து வெட்டு, கை மடிப்பு மட்டுமல்ல. மாம்பழத்தின் பக்கத்தில் கத்தரிப்பூ நிறத் துணி விரித்த ஒரு படம் இருக்கிறது. அந்த இரண்டு நிறத்தையும் பார்த்துத்தான் ஒரு கல்யாண வீட்டுக்கு ஏழு பாவாடை தைத்தேன். போனில் தேடினால் நான் கேட்டது வரும், ஒன்று கேட்டால் நூறு வரும். ஆனால் மாம்பழத்துக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறம் வேண்டும் என்று எனக்கே தெரியாதபோது நான் எதைக் கேட்பேன்? அந்தப் படம் ஒரு சமையல் பக்கத்தில் இருந்தது. துணி மேசைவிரிப்பு.

அப்புறம் மறுபக்கம். கத்தரிக்காய்க் குழம்புக் குறிப்பு ஒன்றை 2003 வாக்கில் வெட்டி வைத்தேன். சஞ்சிகையை யாரோ வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. பிறகு குசினியில் ஒட்டப் போகும்போதுதான் துண்டின் மறுபக்கத்தைப் பார்த்தேன், அங்கே ஒரு கவிதையின் பாதி. இருட்டில் கிணற்றடிக்குப் போகிற ஒரு தாயைப் பற்றியது. ஏழு வரி. 'வாளி' என்ற சொல்லோடு என் கத்தரிக்கோல் அதை நிறுத்திவிட்டது. எழுதியவர் பெயர் கீழே இருந்திருக்கும், அதுவும் போய்விட்டது.

அந்தத் துண்டை நான் ஒட்டவில்லை. நூலில் கட்டித் தொங்கவிட்டேன், இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்பதற்காக. குழம்பு கொதிக்கிற நேரத்தில் அந்த ஏழு வரியை எத்தனை தரம் வாசித்திருப்பேன்! வாளி என்ன ஆனது? கயிறு அறுந்ததா, தண்ணி இல்லையா, யாரோ எடுத்துப் போய்விட்டார்களா? ஒருநாள் அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில், யாரோ ஒருவரின் மார்பளவுக்கும் இடுப்பளவுக்கும் பக்கத்தில், மிச்சத்தை நானே எழுதினேன். பிறகு வேறு மாதிரி எழுதினேன். இப்போது பதினொரு முடிவு இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்தே ஒரு கவிதை இதழ் வந்தது, பெயரே 'நீங்களும் எழுதலாம்'. அந்தப் பெயரை அட்டையில் பார்த்தபோது எனக்குச் சொன்னது மாதிரித்தான் இருந்தது. எதையும் அனுப்பவில்லை. ஆனால் எழுதுவதை நிறுத்தவும் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. அப்பா வைத்திருந்த மல்லிகை இதழ்களில் பாதிக்கு மேல் கறையான் கொண்டு போனது. 1966-இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சஞ்சிகை அது. அட்டையில் பெரும்பாலும் ஒரு எழுத்தாளர் அல்லது கலைஞரின் முகம் இருக்கும். அப்பா அந்த முகங்களைக் காட்டி இவர் இன்னார் என்று சொல்லித் தருவார். இதழ்கள் போன பிறகு அவ்வளவுதான் என்று இருந்தேன். நூலகம் இணையத்தளத்தில் அவற்றை ஸ்கான் பண்ணிப் போட்டிருப்பதை மகன் காட்டினான். கறையான் தின்ற இதழின் அட்டை, அதே முகம், போனில்! அழுதுவிட்டேன். 2005-இலிருந்து அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். அங்கே பின் துருப்பிடிக்காது. அதை ஒப்புக்கொள்ளாமல் சஞ்சிகையை மட்டும் புகழ்ந்தால் பொய்.

விலையும் பொய் சொல்லாது. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சையே தள்ளிப்போனது. அந்த வருடம் இரண்டு சஞ்சிகையை நிறுத்தினேன், திரும்பத் தொடங்கவில்லை. நான் நிறுத்தாமல் தானாக நின்றதும் உண்டு. 1941-இல் தொடங்கிய கல்கி 2020-இல் அச்சை விட்டு இணையத்துக்குப் போனது. இந்தியாவிலிருந்து வருகிறவை கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எங்கள் கடைக்கு வர நாள் செல்லும். தீபாவளிச் சட்டை டிசைன் போட்ட இதழ், தீபாவளிச் சட்டையெல்லாம் தைத்துக் கொடுத்த பிறகு வந்து சேரும். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

நிலாவெளியில் அம்மாவின் வீட்டில் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணிய புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று வீட்டோடு போயின. ஆட்கள் தப்பினார்கள், அது போதும், புத்தகத்தைப் பற்றி நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பின்னைச் சுற்றி மஞ்சள் புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அதைக் கடல் ஒரே காலையில் எடுத்தது, இதைத் தினமும் கொஞ்சமாக எடுக்கிறது. என் ஆத்திரம் பின் மேல் மட்டும்தானா என்று எனக்கே தெரியவில்லை.

சரி, மச்சாளுக்கு என்ன சொன்னேன்? "வாங்காதேங்கோ" என்று சொன்னேன். மாதக் காசு கட்டி வாங்கி, அடுக்கி வைத்து, துருவைப் பார்த்து வயிறெரிகிற வேலை அந்தப் பிள்ளைக்கு வேண்டாம், போனில் வாசிக்கட்டும் என்றேன். கோபத்தில் சொன்னதுதான். நாலு நாள் கழிந்து கை காயமும் ஆறிவிட்டது, இன்னும் அந்தப் பதிலை மாற்றவில்லை. எனக்கு வருகிற மூன்றையும் வழக்கம்போல ஒதுக்கி வைக்கும்படி கடைக்கார அண்ணாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டு வந்தேன், அது வேறு.

தைத்ததில் பத்து இதழைத் தெரிந்து, சொப்பிங் பையில் சுற்றி, வெள்ளிக்கிழமை வவுனியா பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். அங்கே உப்புக் காற்று இல்லை. சில பக்கங்களில் சதுரமாக ஓட்டை இருக்கும், நான் வெட்டியது. வாசித்துக்கொண்டு போகும்போது ஏதாவது பாதியில் நின்றால் மருமகள் எனக்கு ஒரு போன் எடுக்கட்டும். மிச்சத் துண்டு என்னிடம் இருக்கிறது, வாசித்துச் சொல்கிறேன்.