கேம்பல் லேன் பொங்கல் கடைகள்: எதை நம்பி வாங்கலாம்?

தை பிறக்கப்போகிறது என்றாலே சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் மண்பானையும் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்துவிடும். மூன்றில் கவனமாக வாங்க வேண்டியது பானைதான்.

கோலம் வரைந்த வண்ணப் பானைகள் முதலில் கண்ணில் படும். அழகுதான், ஆனால் அடுப்பில் ஏற்றினால் சாயம் கருகி நாறும். அவற்றைப் பூசையறையில் வையுங்கள். சமைக்க, வண்ணம் பூசாத பானையை எடுத்து விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாகச் சுட்ட பானை. மொத்தென்றால் எங்கோ கீறல் இருக்கலாம், அல்லது சரியாகச் சுடாததாக இருக்கலாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு கேஸ் அடுப்புக்கு 2 லிட்டர் பானை போதும். அடி சற்றுத் தட்டையாக இருக்கட்டும். இண்டக்‌ஷன் அடுப்பில் மண்பானை சூடேறாது, பித்தளையும் அப்படித்தான். அங்கே காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரம்தான் வழி.

பொங்கலுக்கு முதல் நாள் வாங்குவதால்தான் நிறையப் பானைகள் விரிசல் விடுகின்றன. இரண்டு நாளாவது முன்பே வாங்கி, ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரைச் சிறுதீயில் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு கொட்டுங்கள். பொங்கலன்று குளிர்பதனப் பெட்டிப் பாலை நேராகச் சூடான பானையில் ஊற்றாதீர்கள். இறக்கும்போதும் ஈரக் கல்மேடையில் வைக்கக்கூடாது, பிரிமணை வேண்டும்.

2 லிட்டர் பானைக்கு அளவு: பால் அரை லிட்டர், அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் 1 லிட்டர். பானை முக்கால் நிறைந்தால்தான் நுரை விளிம்பைத் தாண்டும். வழிந்த பால் அடுப்பை அணைத்துவிடும், ஆகவே ஒரு கை கேஸ் திருகிலேயே இருக்கட்டும். பொங்கியதும் இரண்டு கரண்டி நீரை முகந்து வைத்துவிட்டு, 200 கிராம் பச்சரிசி, 50 கிராம் பாசிப்பருப்பு போடுங்கள். கெட்டியானால் முகந்த நீர் உதவும். அரிசி குழைந்த பிறகே வெல்லம், 300 கிராம். முந்திப் போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாவிட்டால் பல்லில் மண் கடிபடும்.

மஞ்சள் கொத்தைக் கிழங்கோடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பானைக் கழுத்தில் கட்டும்போது இலை தொங்கித் தீயைத் தொடும். நுனியை நறுக்கி மேல்நோக்கிக் கட்ட வேண்டும். முழுக் கரும்பு மின்தூக்கியில் நிமிர்ந்து நிற்காது. கடையிலேயே இரண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள், தோகை இருக்கும் பாதியை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.