பழைய பென்ஸ் 240டி-யா, புதிய எஸ் கிளாஸா?

கிளாஸிக் கார் மேல் ஆசை வந்தால் எல்லோரும் முதலில் அதன் அழகைத்தான் பார்ப்பார்கள். நான் வண்டி எப்படி வயதாகிறது என்று பார்ப்பேன். பதினைந்து வருடம் ஓடியபின் எது எப்படி நிற்கும்? இந்தக் கேள்வியோடுதான் இரண்டையும் ஒப்பிடுகிறேன்.

முதலாவது, 1976-ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் டபிள்யூ123 வரிசையின் 240டி டீசல். இந்த வரிசையில் ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் தயாராயின. இரண்டாவது, அதே நிறுவனம் 2020-ல் அறிமுகப்படுத்திய டபிள்யூ223 எஸ் கிளாஸ். டபிள்யூ123-இன் நேர் வாரிசு ஈ கிளாஸ்தான். ஆனாலும் இன்றைய சொகுசின் உச்சத்தோடு நிறுத்திப் பார்த்தால்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

வேகத்தில் போட்டியே இல்லை. 240டி-க்கு முதலில் 65 குதிரைத்திறன், பின்னாளில் 72. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட இருபது வினாடிக்கு மேல் ஆகும். எஸ் கிளாஸ் வகைகளில் ஒன்றான, 435 குதிரைத்திறன் கொண்ட எஸ்500 அதை ஐந்து வினாடிக்குள் தொட்டுவிடும்.

பழுது என்று வரும்போதுதான் கதை மாறுகிறது. 240டி-யில் சாவியைத் திருப்பி, குளோ பிளக்கின் (குளிர்ந்த டீசல் என்ஜினைச் சூடேற்றும் பாகம்) மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். கதவுப் பூட்டு, என்ஜினை நிறுத்துவது எல்லாமே வேக்கம் குழாய்களில், அதாவது காற்றை உறிஞ்சி வரும் வெற்றிட இழுவையில், நடக்கிறது. குழாயில் கசிவு வந்தால் சாவியை உருவிய பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். முதல்முறை பார்ப்பவர் பயந்துபோவார். பானட்டைத் திறந்தால் 'ஸ்டாப்' என்று எழுதிய சின்ன லீவர் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் என்ஜின் அடங்கிவிடும். அப்புறம் கசியும் இடத்தைத் தேடி ரப்பர் இணைப்பை மாற்றினால் வேலை முடிந்தது. கோளாறு கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது. இதுதான் எனக்கு இந்த வண்டியில் ரொம்பப் பிடித்த விஷயம்.

எஸ் கிளாஸில் ஏர் சஸ்பென்ஷன் (காற்றழுத்தத்தில் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு), 48 வோல்ட் மின்சுற்று, 12.8 அங்குல நடுத்திரை, ஏராளமான சென்சார்கள். புதிதாக இருக்கும்வரை சொர்க்கம். கூடுதல் வசதியாகக் கிடைக்கும் பின் சக்கர ஸ்டீயரிங்கை 10 டிகிரி வகையில் எடுத்தால், அவ்வளவு நீள வண்டி சின்ன கார் மாதிரி வளைந்து திரும்புகிறது. ஆனால் கோளாறு வந்தால் ஸ்பேனருக்கு முன்னால் கம்ப்யூட்டர் வேண்டும். எலக்ட்ரானிக் பாகம் தேய்ந்து எச்சரிக்காது. ஒருநாள் சட்டென்று நின்றுவிடும். பதினைந்தாம் வருடத்தில் அந்தப் பாகமும் அதன் மென்பொருளும் கிடைக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

சரி, பாதுகாப்பு? இங்கே நான் தயங்கவே மாட்டேன். டபிள்யூ123-இல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) 1980-ல்தான் வந்தது, அதுவும் கூடுதல் காசுக்கு. பல வண்டிகளில் ஏர்பேக்கே கிடையாது. எஸ் கிளாஸில் பின் இருக்கைக்காரர்களுக்கும் முன்புற ஏர்பேக் வைக்க முடியும். பக்கவாட்டில் மோதல் வரப்போகிறது என்று உணர்ந்தால், அதற்கான சஸ்பென்ஷன் உள்ள வண்டி கண்ணிமைக்கும் நேரத்தில் தன் உடலை 80 மில்லிமீட்டர் வரை உயர்த்திக்கொள்ளும். குழந்தைகளோடு தினமும் நெடுஞ்சாலையில் போகிறவர் 240டி-யை நம்பி இருக்க வேண்டாம். டீசல் புகையும் தினசரி ஓட்டத்துக்கு ஒத்துவராது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்ட, சொந்தக் கையால் பழுது பார்க்க, பத்து வருடம் வைத்திருக்க என்றால் என் ஓட்டு 240டி-க்கே. வாங்குமுன் ஜாக்கி வைக்கும் இடங்களையும் மட்கார்டின் உட்புறத்தையும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். என்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். துரு அரித்த வண்டியின் அடித்தளத்தைச் சரிசெய்வது பெரும்பாடு.