யூடியூப் காணொளிக்கு ஸொட்டேரோ: ஒப்படை எழுதுவோருக்கு ஒரு மதிப்புரை

மாசி பிறந்து காமன் கம்பம் ஊன்றிவிட்டால் போதும், மலையகத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் போனில் பிடித்த காமன் கூத்துக் காணொளிகள் யூடியூபில் ஏறத் தொடங்கிவிடும். அவற்றைப் பார்த்து ஒப்படையும் ஆய்வேடும் எழுதுகிறவர்கள் பேராதனையிலும் இருக்கிறார்கள், பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலும் இருக்கிறார்கள். எழுதுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசிப் பக்கத்து உசாத்துணைப் பட்டியலில்தான் சறுக்கல். நூல்களுக்கெல்லாம் ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் என்று ஒழுங்காகப் போட்டுவிட்டு, காணொளிக்கு மட்டும் நீளமான ஒரு லிங்கை ஒட்டிவிடுகிறார்கள். அதைச் சரிசெய்யும் கருவிகளில் இலவசமாகக் கிடைப்பவற்றில் சிறந்தது ஸொட்டேரோ. ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். அந்த ஒரு புள்ளி எங்கே போனது என்பதுதான் இங்கே முக்கியம், ஏனென்றால் விரிவுரையாளர் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவதும் அதே இடத்தைத்தான்.

ஸொட்டேரோ 2006 இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான, உசாத்துணைகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஏழாம் பதிப்பு 2024 ஓகஸ்டில் வந்தது. ஒன்லைனில் சேமிக்க 300 எம்பி இடம் இலவசம். காணொளிகளை மட்டும் திரட்டுகிறவருக்கு இது தாராளம். ஸொட்டேரோ காணொளியை இறக்கி வைப்பதில்லை, அதன் விவரங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. நிறுவும்போது இரண்டு துண்டுகள் வேண்டும்: கணினியில் ஸொட்டேரோ, குரோம் அல்லது பயர்பொக்ஸில் ‘கனெக்டர்’ என்ற இணைப்பு. இரண்டாவதை மறந்துவிட்டு, விவரத்தையெல்லாம் கையால் அடித்துக்கொண்டு, இதில் என்ன பெரிய வசதி என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

சேமிக்கும் முறை எளிது. காணொளிப் பக்கத்தைத் திறந்ததும் ஓடுவதை நிறுத்திவிடுங்கள். பக்கம் ஏறினால் போதும், டேட்டாவை வீணாக்க வேண்டாம். உலாவியின் மேல் மூலையில் கனெக்டர் படம் ஒரு பிலிம் சுருள் மாதிரி மாறியிருக்கும், அதை அழுத்துங்கள். கோப்புறைப் படம் தெரிந்தால் நீங்கள் நிற்பது தேடல் பக்கத்திலோ பிளேலிஸ்டிலோ. அதை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும், அதில் தவறான காணொளியைத் தெரிவுசெய்துவிடுவது சர்வ சாதாரணம். குறித்த காணொளியின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அழுத்துவதே பாதுகாப்பு.

தலைப்பு, சனல் பெயர், ஏற்றிய திகதி, நீளம், லிங்க் எல்லாம் ஒரே அழுத்தில் வந்துவிடும். கோளாறும் இங்கேதான் தொடங்குகிறது. ஸொட்டேரோ யூடியூப் காணொளியை ‘வீடியோ ரெக்கோர்டிங்’ என்ற வகையில் போடுகிறது. அந்த வகையில் ஆசிரியர் என்ற கட்டமே கிடையாது, ஆகவே சனல் பெயர் ‘டைரக்டர்’ கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தின் உசாத்துணைப் பாணி) ஏழாம் பதிப்பில் உசாத்துணையை எடுத்தால் சனல் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘டைரக்டர்’ என்று அச்சாகும். பிரட்டுக்களத்தில் நின்று போனை உயர்த்திப் பிடித்தவர் திரைப்பட இயக்குநர் ஆகிவிடுவார்! தலைப்புக்குப் பின்னால் சதுர அடைப்பில் ‘வீடியோ’ என்று மட்டும் வரவேண்டிய இடத்தில் ‘வீடியோ ரெக்கோர்டிங்’ என்று நீளும். யூடியூப் என்ற தளப் பெயர் விடுபட்டும் போகலாம்.

மூன்றையும் வலப்பக்கப் பலகையிலேயே திருத்திவிடலாம். ‘ஃபோர்மட்’ கட்டத்தில் ‘வீடியோ’ என்று எழுதுங்கள். ‘ஸ்டூடியோ’ கட்டத்தில் ‘யூடியூப்’. டைரக்டர் வரியை நீக்கிவிட்டு, ‘எக்ஸ்ட்ரா’ கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘ஓதர்’ என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, சனல் பெயரைச் சேருங்கள். பிறகு அந்தப் பதிவின் மீது வலது கிளிக் செய்து உசாத்துணையை எடுத்து, உங்கள் துறை தந்த மாதிரியோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். பழகிவிட்டால் ஒரு காணொளிக்கு இரண்டு நிமிடம்கூடப் போகாது.

‘மலைச்சாரல்’ என்று ஒரு சனல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருத்திய பின் பதிவு இந்த வரிசையில் வரவேண்டும்: மலைச்சாரல். (2021, மார்ச் 2). காமன் கூத்து: கம்பம் ஊன்றல் முதல் தகனம் வரை [வீடியோ]. யூடியூப். அதன் பின் லிங்க். தலைப்பு சாய்ந்த எழுத்தில். லிங்கின் முடிவில் முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது. வைத்தால் சிலவேளை அது லிங்கோடு ஒட்டிக்கொண்டு பக்கம் திறக்காது.

சனல் பெயர் இரண்டு மூன்று சொல்லாக இருந்தால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. பெயரைக் கையால் அடிக்கும்போது முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரட்டைக் கட்டத்தில் விட்டால் ‘மலைச்சாரல் டிவி’ என்பது ‘டிவி, மலைச்சாரல்’ என்று தலைகீழாகும். கட்டத்தின் ஓரத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்குங்கள். தனி மனிதரின் பெயரிலும் இதைக் கவனிக்க வேண்டும். நம் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னால் வருவதும் உண்டு, பின்னால் வருவதும் உண்டு. எது யாருடைய பெயர் என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது.

இனி, ஸொட்டேரோவால் செய்யவே முடியாத வேலை. யாரை ஆசிரியராகப் போடுவது? ஏ.பி.ஏ.யின் விதி தெளிவானது: காணொளியை ஏற்றியவரே ஆசிரியர், ஏனென்றால் வாசகர் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது அந்தப் பெயரை வைத்துத்தான். பாடியவர், ஆடியவர், பேட்டி கொடுத்தவர் யாராக இருந்தாலும் உசாத்துணையின் தொடக்கத்தில் வரமாட்டார். டெட் என்ற அமைப்பின் மேடைப் பேச்சு இதற்கு நல்ல உதாரணம். யூடியூபில் பார்த்தால் டெட் நிறுவனமே ஆசிரியர், டெட்டின் சொந்தத் தளத்தில் பார்த்தால் பேச்சாளர் ஆசிரியர். மலையகக் கலைகளுக்கு இந்த விதி கொஞ்சம் அநியாயம்தான். நாற்பது வருடம் தப்பு மேளம் அடித்தவர் காணாமற்போய், போன் வைத்திருந்தவரின் சனல் பெயர் நூலில் நிற்கும். அதற்கு ஏ.பி.ஏ. விட்டுவைத்திருக்கும் ஒரே வழி உங்கள் சொந்த வாக்கியம். ‘கம்பம் ஊன்றும்போது அடி மாறும் விதத்தைக் கூத்து மாஸ்டர் விளக்குகிறார்’ என்று அவர் பெயரோடு எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் சனலையும் ஆண்டையும் போடலாம்.

எந்தப் பாணி என்பதை உங்கள் துறை உங்களிடமே விட்டிருந்தால், நாட்டாரியல் வேலைக்கு, மொழி, இலக்கியத் துறைகளில் வழங்கும் எம்.எல்.ஏ. பாணியின் ஒன்பதாம் பதிப்பு பொருந்தும். அதில் படைத்தவர் யாரென்று தெரிந்தால் அவர் பெயரை முன்னால் வைத்து, ஏற்றிய சனலை ‘அப்லோடட் பை’ என்று பின்னால் தரலாம். சிக்காகோ பாணியின் அடிக்குறிப்பில் காணொளியின் நீளத்தையும் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஸொட்டேரோ எடுத்து வைக்கும் நீளம் அங்கே உதவும். ஏ.பி.ஏ.க்கு அது வேண்டியதில்லை.

திகதி விஷயத்தில் யூடியூப் நம்மைச் சோம்பேறி ஆக்கும். காணொளிக்குக் கீழே ‘3 ஆண்டுகளுக்கு முன்பு’ என்று மட்டும் தெரியும். விவரணத்தை விரித்தால்தான் சரியான நாள் கிடைக்கும். கனெக்டர் அதை எடுத்துத் தந்தாலும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, இது ஏற்றிய நாள், எடுத்த நாள் அல்ல. யூடியூப் தொடங்கியதே 2005 இல். 1990களில் வீடியோ கசட்டில் எடுத்த கூத்து 2021 இல் ஏறியிருந்தால் உசாத்துணையில் 2021 என்றுதான் வரும். எடுத்த ஆண்டை உங்கள் வாக்கியத்தில் சொல்லாவிட்டால், பழைய கூத்தைப் புதிய கூத்தாக வாசகர் எடுத்துக்கொள்வார். காலமாற்றத்தை ஆராயும் ஆய்வேட்டில் இது சின்னப் பிழை அல்ல.

லிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு காணொளிக்கும் பதினொரு எழுத்துக் குறியீடு ஒன்று உண்டு, அதோடு லிங்க் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் ‘அண்ட்’ குறியோ கேள்விக்குறியோ போட்டுத் தொடரும் வால் எல்லாம் பிளேலிஸ்ட், பகிர்ந்தவரின் தடம், நேரம் போன்றவை. வெட்டிவிடுங்கள். அந்தப் பதினொன்றில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் வேறு இடத்துக்குப் போகும், ஆகவே ஒருபோதும் கையால் அடிக்காதீர்கள். ஏஐ அரட்டைச் செயலிகளிடம் உசாத்துணை கேட்டால் பார்வைக்குச் சரியான லிங்க் மாதிரி ஒன்றைத் தாமே இட்டுக்கட்டித் தருவதும் உண்டு. ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

உள்ளே மேற்கோள் காட்டும்போது நூலுக்குப் பக்க எண் போல, காணொளிக்கு நேரக் குறி. மேற்கோள் தொடங்கும் நொடியைத் தரவேண்டும்: (மலைச்சாரல், 2021, 12:40). வேர்டில் ஸொட்டேரோ பட்டையால் மேற்கோளைச் செருகும்போது இந்த 12:40 ஐப் பக்கக் கட்டத்தில் எழுதினால், முன்னால் பக்கத்துக்கான ‘பீ’ எழுத்து ஒட்டிக்கொள்ளும். ‘ஸஃபிக்ஸ்’ கட்டத்தில் காற்புள்ளியும் இடைவெளியும் விட்டு எழுதுங்கள், எந்தப் பதிப்பிலும் சரியாக வரும். கேட்டு எழுதிய வசனங்களை அந்தப் பதிவுக்குள்ளேயே ‘நோட்’ திறந்து நேரத்தோடு குறித்து வையுங்கள். சனல்காரர் நாளைக்குக் காணொளியை நீக்கிவிட்டால் உங்கள் கையில் மிஞ்சுவது அது ஒன்றுதான்.

கொமியூனிகேஷன் கடையில் டைப் அடிக்கக் கொடுப்பவர்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துருவான பாமினியைக் கவனியுங்கள். ஸொட்டேரோ யுனிகோட் மட்டுமே அறியும். ஒப்படை முழுக்கப் பாமினி எழுத்துருவில் இருந்தால், உசாத்துணைப் பட்டியலும் அதே எழுத்துருவை எடுத்துக்கொண்டு ஆங்கில லிங்கையெல்லாம் தமிழாக்கிவிடும். லிங்கின் தொடக்கத்தில் வரும் ஐந்து ஆங்கில எழுத்துகளும் பாமினியில் ஒரு கால், இரண்டு ‘வ’, ஒரு விசிறி, ஒரு ‘ள’ என்று நிற்கும். கடைக்காரர் இதைப் பிழை என்று நினைத்து அழித்துவிடுவார். அழிக்க விடாதீர்கள். வேர்டின் ஸ்டைல் பட்டியலில் ‘பிப்லியோகிராஃபி’ என்பதைத் திறந்து எழுத்துருவை லதா அல்லது நிர்மலா யூஐ என்று மாற்றினால் எல்லாம் இடத்துக்கு வரும். முழு ஒப்படையையும் யுனிகோடுக்கு மாற்றுவது இன்னும் நல்லது.

தமிழ் ஒப்படைக்கு ஸொட்டேரோவின் இன்னும் இரண்டு குறைகள். ஏ.பி.ஏ.யை அமெரிக்க ஆங்கில அமைப்பில் விட்டால் மாதப் பெயர் ஆங்கிலத்தில் வரும். தமிழ் உசாத்துணை வேறாக, ஆங்கிலம் வேறாகக் கேட்கும் துறைகளுக்கு அது ஒரே பட்டியலாகத்தான் தரும். இரண்டையும் கடைசியில் கையால் திருத்த வேண்டும். ‘கடைசியில்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடையில் திருத்தினால் அடுத்த தடவை ‘ரெஃப்ரெஷ்’ ஆகும்போது பட்டியல் பழையபடி ஆகிவிடும். முதலில் கோப்பின் கொப்பி ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, ‘அன்லிங்க் சைட்டேஷன்ஸ்’ அழுத்திய பிறகே கையை வையுங்கள். அன்லிங்க் செய்த கோப்பில் ஸொட்டேரோ இனி வேலை செய்யாது.

ஆங்கில மூல ஆய்வேட்டில் தமிழ்க் காணொளி வந்தால், தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்பில் மொழிபெயர்ப்பைத் தரவேண்டும் என்பது ஏ.பி.ஏ. வழக்கம். இதையும் ஸொட்டேரோ தானாகச் செய்யாது.

மடிகணினி இல்லாதவர்களுக்கு ஸொட்டேரோபிப் என்ற தளம் இருக்கிறது. அதே குழுவினருடையது, நிறுவ ஒன்றுமில்லை, கணக்கும் வேண்டாம், போனிலேயே லிங்கை ஒட்டி உசாத்துணை எடுக்கலாம். யூடியூபிலிருந்து விவரம் அரைகுறையாக வந்தால் கையால் நிரப்ப இடம் உண்டு. பட்டியல் அந்த உலாவிக்குள்ளேதான் இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கொமியூனிகேஷன் கணினியில் செய்துவிட்டு எழுந்தால், அடுத்த நாள் அங்கே எதுவும் இல்லாமல் போகலாம். பட்டியலுக்கு லிங்க் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு எழுந்திருங்கள். வேர்ட் 2016 இன் சொந்த உசாத்துணை வசதி போதாதா என்றால், அதிலிருப்பது ஏ.பி.ஏ. ஆறாம் பதிப்பு, 2019 இல் வந்த ஏழாம் பதிப்பு அல்ல.

ஃபேஸ்புக் நேரலைகளில் ஸொட்டேரோ கிட்டத்தட்டக் கைவிரித்துவிடும். உள்நுழையச் சொல்லும் பக்கத்தின் தலைப்பையே காணொளித் தலைப்பாக எடுத்து வைப்பதும் உண்டு. அவற்றை முழுக்கக் கையால்தான் பதிய வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வந்த காணொளியை உசாத்துணைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. வாசகர் போய்ப் பார்க்க வழியில்லாததால் ஏ.பி.ஏ. அதைத் தனிப்பட்ட தொடர்பாகவே கொள்கிறது. அனுப்பியவரின் பெயர், தனிப்பட்ட தொடர்பு என்ற குறிப்பு, நாள் மூன்றும் வாக்கியத்தோடு அடைப்புக்குறிக்குள் வந்தால் போதும். பெயரைப் போடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.