கொம்பன் சுறா: வலையில மாட்டினா விடுறதா, குட்டி இருக்குற பக்கம் வலையே போடாம இருக்குறதா?

நம்ம உவரி, இடிந்தகரை பக்கம் சுறான்னாலே புட்டுதான் ஞாபகம் வரும். அதுல கொம்பன் சுறாவ, அதான் சுத்தியல் மாதிரி தலை உள்ளத, காப்பாத்த ரெண்டு வழி சொல்லுதாவ.

மாட்டினத திரும்பக் கடல்ல விடுறது கேக்க நல்லாத்தான் இருக்கு, செலவும் கம்மி. ஆனா இது நீந்திக்கிட்டே இருந்தாத்தான் செவுள்ல தண்ணி ஓடி மூச்சு வரும், வலையில சிக்கி நின்னுட்டா துடிச்சு துடிச்சு ரத்தத்துல அமிலம் ஏறி மத்த சுறாவ விட சீக்கிரமே செத்துரும். மேல தூக்கும்போதே உயிர் இல்லாதத எங்க வே விடுறது?

சீசன்ல குட்டி வளருற கரையோரத்த விட்டுட்டுப் போறதுதான் எனக்குச் சரின்னு படுது. பொறக்கும்போதே ஒரு முழ நீளம், ஆழமில்லாத தண்ணியில தலைய அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டிக்கிட்டே மணலுக்குள்ள ஒளிஞ்ச எரையோட மின்துடிப்ப அந்தத் தலையாலயே கண்டுபிடிக்கும், பாக்கவே ஆச்சரியமா இருக்கும். தாய் ஏறக்குறைய ஒரு வருஷம் வயித்துல சுமந்து போட்ட குட்டி அது. வருமானம் போற அண்ணாச்சிமாருக்கு அரசாங்கம் பணம் குடுக்கணும், இல்லன்னா நடக்காது.

2019ல உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் இதுல ரெண்டு வகைய மிக அருகிய இனம்னு சேத்துட்டு. 2015லயே சுறாவோட துடுப்பு ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டும் வலையில குட்டி சாவுறத அது தடுக்கல.

தூண்டில்ல உயிரோட வந்தா மட்டும் படகுல ஏத்தாதீய, தண்ணியிலயே வச்சு தங்கூசிய, அதான் தூண்டில் நரம்ப, அறுத்து விட்டுருங்க.