வெஸ் மான்ட்கோமரி 1965: நான்கு நாட்டுப் படப்பதிவுகள், எதில் யார் தெரிகிறார்கள்?

விமானம் ஏற அஞ்சிய அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி ஐரோப்பாவில் ஒரே ஒரு சுற்றுப்பயணம்தான் செய்தார், 1965இல். அந்தச் சில வாரங்களில் ஹாலந்து, பெல்ஜியம், இங்கிலாந்து, மேற்கு ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகளிலும் ஒளிபரப்பு நிறுவனங்கள் அவரைப் படம்பிடித்தன. பாரிஸில் மார்ச் 27 அன்று நடந்த கச்சேரி ஒலிப்பதிவாக வெளிவந்தது, அதனால் இந்த ஒப்பீட்டில் அது இல்லை.

ஆளும் கிட்டாரும் ஒன்று, பாட்டுகளும் ஏறக்குறைய ஒன்று. மாறுவது பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும். ஐரோப்பிய ஜாஸில் அதிகம் பேசப்படாத கலைஞர்களை அறிமுகம் செய்துகொள்ள இதைவிடத் தெளிவான வாய்ப்பு அமையாது. எனவே இங்கே வெஸ் எப்படி வாசித்தார் என்பது கேள்வியே இல்லை, நான்கிலும் அற்புதமாகவே வாசிக்கிறார். பக்கவாத்தியக்காரர்களுக்கு எவ்வளவு வேலை கிடைத்தது, கேமரா அவர்களை எவ்வளவு காட்டுகிறது, இன்று கையில் கிடைக்கும் பிரதி எந்தத் தரத்தில் இருக்கிறது என்பவைதான் கேள்விகள்.

பார்க்கும் முன் ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ள வேண்டும். வெஸ்ஸின் சோலோ பெரும்பாலும் மூன்று படிகளில் ஏறும்: முதலில் ஒற்றைச் சுரங்கள், அடுத்து ஆக்டேவ்கள் (ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து மீட்டுவது), கடைசியில் முழு கார்டுகள் (பல சுரங்கள் ஒருசேர). தந்தி மீட்டும் சிறு வில்லையான பிக் இல்லாமல் வலது கட்டைவிரலாலேயே எல்லாம் நடக்கும். மூன்றாவது படியில் கிட்டாரும் பியானோவும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். அங்கே பியானோக்காரர் கையை எடுக்கிறாரா, குறைக்கிறாரா, மோதுகிறாரா என்று கவனித்தால் அவர் எப்பேர்ப்பட்டவர் என்பது தெரிந்துவிடும்.

பெல்ஜியப் பதிவை முதலில் பார்த்துவிடுங்கள். அதில் ஐரோப்பியர் யாரும் இல்லை. ஹெரால்ட் மேபர்ன் பியானோ, ஆர்தர் ஹார்ப்பர் பேஸ், ஜிம்மி லவ்லேஸ் டிரம்ஸ் என்று வெஸ் உடன் அழைத்துவந்த அமெரிக்கக் குழு. பழகிய குழு என்பதால் வேகப் பாட்டுகள் இங்கேதான் பறக்கின்றன. மேபர்னின் கார்டுகள் கனமானவை. வெஸ்ஸுக்கு அந்தக் கனம் பிடித்தே இருக்கிறது. நமக்கு இது ஒப்பீட்டுக்கான அடிப்படை: மற்ற மூன்று குழுக்களும் இதிலிருந்து எங்கே விலகுகின்றன என்று பார்க்கத்தான் இது வேண்டும்.

லண்டன் பதிவு பிபிசியின் ஜாஸ் 625 நிகழ்ச்சிக்காக எடுக்கப்பட்டது. 1964இல் தொடங்கிய பிபிசி 2 அலைவரிசை 625 கோடுகளில் ஒளிபரப்பியது. பழைய அலைவரிசையில் 405 கோடுகள்தான். நிகழ்ச்சியின் பெயரே அந்தப் புதிய தெளிவை விளம்பரப்படுத்த வைத்ததுதான். இதில் வெஸ்ஸுக்குப் பக்கவாத்தியம் ஸ்டான் ட்ரேசி பியானோ, ரிக் லேர்ட் பேஸ், ஜாக்கி டூகன் டிரம்ஸ்.

தனி அமெரிக்கரும் உள்ளூர் குழுவும் என்ற இந்த அமைப்புக்கு ஒரு பின்னணி உண்டு. 1930களிலிருந்து பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கமும் அமெரிக்கச் சங்கமும் ஒருவர் நாட்டுக்குள் மற்றவர் வாசிப்பதைத் தடுத்துவந்தன. 1950களின் நடுவில் தடை தளர்ந்தபோதும், ஆளுக்கு ஆள் என்ற பரிமாற்ற விதி நின்றது. 1961இல் அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் ஸூட் சிம்ஸ் லண்டன் ரோனி ஸ்காட்ஸ் கிளப்புக்கு வந்ததற்கு ஈடாக பிரிட்டனின் டபி ஹேய்ஸ் நியூயார்க் போனார். நால்வர் குழு வந்தால் நால்வரை அனுப்ப வேண்டும், ஒருவர் வந்தால் ஒருவர் போதும். அதனால் வந்தவர் தனியாக வருவதும் கிளப்பின் பியானோ, பேஸ், டிரம்ஸ் அவரோடு உட்காருவதும் வழக்கமாயின. 1960களின் பெரும்பகுதி அந்தக் கிளப்பின் பியானோ நாற்காலியில் இருந்தவர் ட்ரேசி. வாரக்கணக்கில் இரவுதோறும் புதுப்புது அமெரிக்கர்களோடு வாசித்த அனுபவம் திரையில் அப்படியே தெரிகிறது.

ட்ரேசியின் விரல்கள் பியானோவைத் தட்டும், வருடாது. அமெரிக்கப் பியானோ மேதைகளான எலிங்டன், மங்க் இருவரின் கோணலான கார்டுகளைத் தனதாக்கிக்கொண்டவர். மேபர்ன் நிரப்பும் இடத்தில் இவர் ஓட்டை விடுகிறார், அந்த ஓட்டையில் ஒரு கூர்மையான கார்டை வைக்கிறார். 'ஹியர்ஸ் தட் ரெய்னி டே' பெல்ஜியத்திலும் லண்டனிலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பியானோவை மட்டும் கேளுங்கள். அதே 1965 மே மாதம் ட்ரேசி தன் 'அண்டர் மில்க் வுட்' ஜாஸ் தொகுப்பைப் பதிவுசெய்தார். பிரிட்டிஷ் ஜாஸின் தலையாய இசைத்தட்டுகளில் ஒன்றான அதிலும் டிரம்ஸ் டூகன்தான். டப்ளினில் பிறந்த லேர்ட் பின்னாளில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் மின் பேஸ் வாசித்தார். அதே மெக்லாஃப்லினின் சக்தி குழுவில்தான் விக்கு விநாயக்ராமின் கடம் ஒலித்தது.

ஹாலந்துப் பதிவு வேறு ரகம். பிம் யாக்கப்ஸ் பியானோ, அவர் தம்பி ரூட் யாக்கப்ஸ் பேஸ், ஹான் பெனிங்க் டிரம்ஸ். முறையான கச்சேரியைவிட ஒத்திகைக்கு நெருக்கமானது. வெஸ் பாட்டின் கார்டுகளைப் பியானோக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதையே கேமரா பதிவுசெய்திருக்கிறது. ஏட்டிசை படிக்காத ஒருவர் தனக்கு வேண்டியதை எவ்வளவு துல்லியமாகக் கேட்டு வாங்குகிறார் என்பதைக் கற்க இதற்கு ஈடு இல்லை. பிம் யாக்கப்ஸ் மென்மையானவர், ஒழுங்கானவர். பாடகி ரீட்டா ரெய்ஸின் கணவர். பாடகருக்குப் பின்னால் வாசித்துப் பழகிய கை என்பது வெஸ் கார்டுகளுக்கு ஏறும்போது அவர் ஒதுங்குவதில் தெரியும். ஆனால் அந்த ஒதுக்கம் சில இடங்களில் அளவுமீறிப் போய் இசை சற்றுத் தளர்கிறது. லண்டன் குழுவின் இழுவிசை இங்கே இல்லை.

பெனிங்குக்காக மட்டுமே இதைப் பார்க்கலாம். அப்போது அவருக்கு 22 அல்லது 23 வயது. 1967இல் மிஷா மெங்கல்பெர்க், வில்லெம் பிரேகர் இருவரோடும் இன்ஸ்டன்ட் கம்போஸர்ஸ் பூல் என்ற அமைப்பைத் தொடங்கி, முன்திட்டமில்லாத கட்டற்ற இசையின் முகமாக மாறியவர். இங்கே அடக்கமாக, தாளத்தை இம்மி பிசகாமல் வைத்திருக்கிறார். பின்னாளைய கலகக்காரருக்கு அடித்தளம் இவ்வளவு உறுதியாக இருந்தது என்பதற்கு இந்தப் படமே சான்று.

ஹாம்பர்க் பதிவில்தான் பெயர்கள் அதிகம். வட ஜெர்மனியின் என்டிஆர் வானொலி 1958 முதல் நடத்திய ஜாஸ் வொர்க்‌ஷாப் வரிசையில், பல நாட்டுக் கலைஞர்களைச் சேர்த்து, ஒத்திகை பார்க்கவைத்து, முடிவில் ஸ்டுடியோவிலேயே கச்சேரி வைப்பார்கள். 1965 ஏப்ரல் 30 கச்சேரியில் வெஸ்ஸோடு வியன்னாவின் ஹான்ஸ் கோலர், லண்டனின் ரோனி ஸ்காட், ரோனி ராஸ், அமெரிக்கரான ஜானி கிரிஃபின் ஆகிய நான்கு சாக்ஸஃபோன்கள். அல்ஜியர்ஸில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த மார்ஷியல் சொலால் பியானோ, மிஷேல் கோத்ரி பேஸ், ரோனி ஸ்டீஃபன்சன் டிரம்ஸ். தாழ்ந்த ஒலியுள்ள பாரிட்டோன் சாக்ஸஃபோன் வாசிக்கும் ராஸ் கல்கத்தாவில் பிறந்தவர்.

இங்கே ஒரு குறை. எட்டுப் பேர் என்பதால் ஒவ்வொருவருக்கும் சோலோ நேரம் குறைவு, எழுதப்பட்ட பகுதிகளும் அதிகம். சொலால் தனியாக வாசித்தால் பியானோவைத் தலைகீழாக்கிவிடுவார். இங்கே அவர் குழுவுக்குள் அடங்கி நிற்கிறார். ஆனாலும் அறிமுகத்துக்கு இதைவிட அகலமான கதவு கிடையாது. ராஸின் பாரிட்டோன், வேகமான பாட்டிலும் அடிச்சுரம் கலங்காமல் நிற்பதைக் கேட்டபின் அவருடைய மற்ற தட்டுகளைத் தேடாமல் இருக்க முடியாது.

இனி, எந்தப் படியை வாங்குவது? ஹாலந்து, பெல்ஜியம், இங்கிலாந்து மூன்றும் ஜாஸ் ஐகான்ஸ் வரிசையின் 'லைவ் இன் ’65' என்ற ஒரே டிவிடியில் உள்ளன. யார் எந்த வாத்தியம் என்ற விவரம் கையேட்டில் உண்டு. ஹாம்பர்க் பதிவு 2021இல் ஜாஸ்லைன் வெளியீடாக வந்தது. ஒத்திகையின் படம் அதன் ப்ளூ-ரேயில் இருக்கிறது. பழைய டிவிடி கிடைப்பது அரிதாகிவருவதால் பலரும் யூடியூப் படிகளையே நம்புகிறார்கள். அங்கே ஐந்து கோளாறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது சுருதி. ஐரோப்பியத் தொலைக்காட்சி நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்). இடையில் யாராவது 24 சட்டகப் படம் என்று நினைத்து மாற்றினால் வேகம் 4 விழுக்காடு கூடும் அல்லது குறையும், சுருதி ஏறத்தாழ 0.7 அரைச்சுரம் நகரும். சோதிப்பது எளிது. 'ஃபோர் ஆன் சிக்ஸ்' ஜி மைனர், அதாவது 5 கட்டை. 'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்' பி ஃபிளாட், 6½ கட்டை. கைபேசி சுருதிப் பெட்டியை அந்தக் கட்டையில் வைத்துச் சேர்த்துக் கேளுங்கள். ஏறியிருந்தால் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். அதற்கு முன் ஆடியோ அமைப்பில் டைம்-ஸ்ட்ரெச்சிங் என்பதை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் வேகம் மட்டும் குறையும், சுருதி அப்படியே நிற்கும்.

இரண்டாவது, டிரம்ஸ் குச்சியும் கட்டைவிரலும் சீப்புப் பற்களாகக் கிழிந்து தெரிவது. ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கோடுகளை மாறிமாறிக் காட்டும் இன்டர்லேஸ் படம் பிரிக்கப்படாமல் இருப்பதே காரணம். விஎல்சியில் டீஇன்டர்லேஸை இயக்கி யாடிஃப் 2எக்ஸ் முறையைத் தேர்ந்தால் நொடிக்கு 50 அசைவுகளும் கிடைக்கும். ஆனால் பதிவேற்றும்போதே 25 சட்டகமாகச் சுருக்கி, சீப்புக் கோடுகளோடு அழுத்திவிட்டிருந்தால் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது, வேறு படி தேடுங்கள். தொலைக்காட்சித் திரையையே ஃபிலிம் கேமராவால் எடுத்த அக்காலப் படிகளில் அசைவு 25தான். அவற்றுக்கு யாடிஃப் 2எக்ஸ் கூடுதலாக எதுவும் தராது.

மூன்றாவது வெட்டு. 4:3 படத்தை 16:9 ஆக வெட்டினால் உயரத்தில் கால்பங்கு போய்விடும், பெரும்பாலும் போவது பியானோக்காரரின் கைகள். நான்காவது, 60 சட்டகமாக்கி வண்ணம் பூசிய படிகள். இல்லாத சட்டகங்களை மென்பொருள் ஊகித்துச் செருகுவதால் வெஸ்ஸின் ஆக்டேவ் விரல்களும் பெனிங்கின் பிரஷ்ஷும் குழம்பிப்போகும். கைவித்தை பார்க்க வருபவர்கள் இவற்றைத் தொடவே வேண்டாம். ஐந்தாவது பெயர்க் குழப்பம். லண்டன் துண்டுக்கு மேபர்ன் குழுவின் பெயரைப் போடுவது சாதாரணம். வெஸ் இடக்கையர்போலத் தெரிந்தால் படத்தைக் கண்ணாடி பிம்பமாகப் புரட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

பார்க்கும் வரிசை: பெல்ஜியம், லண்டன், ஹாலந்து, ஹாம்பர்க். ஒன்று மட்டும்தான் முடியும் என்றால் தயங்காமல் லண்டன். பெனிங்க் மனதில் தங்கிவிட்டால் அடுத்து அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் எரிக் டால்ஃபி 1964 ஜூன் 2 அன்று ஹில்வர்சமில் செய்த பதிவைக் கேளுங்கள். மெங்கல்பெர்க் பியானோ, ஜாக் ஸ்கோல்ஸ் பேஸ், டிரம்ஸில் பெனிங்க். வெஸ்ஸுக்குப் பின்னால் அடங்கியிருந்த கை அங்கே பத்து மாதம் முன்பே கட்டவிழத் தொடங்கியிருக்கிறது.